இடது பக்கக் கண்ணாடி

அத்தியாயம் ஐந்து

"வித்துப்போட்டு வீட்டில இரிக்கச் சொல்றாரு. விக்கமாட்டன்."

உள்ளே வந்த பெண் வணக்கம் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல இரிங்க அக்கா," என்றாள் ஸாதியா. "நிண்டுகொண்டும் விக்காம இரிக்கலாம், இரிந்துகொண்டும் விக்காம இரிக்கலாம். இரிந்தா கால் நோகாது."

பெண் உட்கார்ந்தாள்.

மட்டக்களப்பு அரசடியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது உதயரூபனின் அலுவலகம். 'தனியார் விசாரணை' என்று பலகையில் எழுதியிருந்தது. முன்பு காப்புறுதிக் கம்பனிக்காக இடிபட்ட வாகனங்களைப் பார்த்துவந்தவன். இப்போது இடிபட்ட மனிதர்களைப் பார்க்கிறான். இந்த விளக்கம் அவனுடையதல்ல, அவனுடைய உதவியாளர் ஸாதியாவுடையது. காத்தான்குடிக்காரி. சட்டம் படிக்கப் போய், பாதியில் வாய் மட்டும் மிஞ்சித் திரும்பி வந்தவள். இதுவும் அவள் சொன்னதுதான்.

"பேர்?" என்றான் உதயரூபன்.

"செசீலியா. புளியந்தீவு."

அவள் பத்து வருடம் கட்டாரில் இருந்தாள். வீட்டு வேலைக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் சாரதியாகத் திரும்பி வந்தாள். வந்ததும் சின்னதாய் ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் கார் வாங்கினாள். கரடியனாற்றுப் பக்கத்துச் சிறுநீரக நோயாளர்களை இரத்தம் சுத்திகரிக்க மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, முடிந்ததும் கொண்டுபோய் விடுவாள். அவள் வருவதற்கு முன் அந்த ஓட்டத்துக்கு ஒரு வேன் மட்டும்தான் இருந்தது. வேன் நிறையும்வரை நோயாளர்கள் வெயிலில் இருக்கவேண்டும்.

"போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஒரு மனிசனை இடிச்சிட்டு நிக்காமப் போனனாம். செட்டிபாளையத்தில. தங்கராசா எண்டு பேர். சைக்கிள்ல போனவராம், சத்தமே இல்லாம பின்னால வந்து தட்டினனாம், கால் முறிஞ்சிட்டாம். கொஞ்சம் தள்ளி நிப்பாட்டி, என்ட பக்கத்துக் கண்ணாடிய இறக்கி, தலைய வெளிய போட்டு அவரைப் பாத்தனாம். பாத்திட்டுப் போயிட்டனாம்."

"பாத்தீங்களா?"

"நான் வீட்டில நித்திர. விடியச் சாமம் ஓட்டம் முடிச்சிட்டுப் படுத்தனான்."

"வீட்டில வேற ஆக்கள்?"

"இல்ல."

"கார்?"

"முத்தலிப் நானாட கடையில. காத்தான்குடி. கண்ணாடிக்கு டின்ட் ஒட்டக் குடுத்திட்டு பஸ்ஸில வீட்ட போனனான். பின்னேரம்தான் எடுத்தன். பொழுது பட்டிட்டு, ஒண்டையும் வடிவாப் பாக்கல்ல. அடுத்த நாள் பொலிஸ் வந்து காட்டுறாங்க. முன்பக்கம் இடதில கீறல். அதில சைக்கிள்ட பச்சப் பெயின்ட்."

முத்தலிப் பொலிசில் சொன்னது சுருக்கமானது. ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது கார் கடை வாசலில் நின்றது, திரும்பி வரும்போதும் நின்றது, சாவி இருந்த கடை பூட்டு. ஆனால் இரண்டாவது சாவி செசீலியாவின் கையில். அவளே வந்து எடுத்துப் போய்த் திரும்ப விட்டிருக்கலாம் என்கிறது பொலிஸ். களுவாஞ்சிக்குடி நிலையத்தில் நாளைக் காலை விசாரணை, அதுவரை நோயாளர் ஓட்டம் கூடாதென்று உத்தரவு. அதற்கு முன் காரை விற்று, ஓட்டத்தை விட்டுவிடுவதாகச் சொன்னால் தங்கராசா முறைப்பாட்டை வாபஸ் வாங்குவாராம். அப்படித்தான் தூது வந்தது.

"காசு கேட்கல்லயா?" என்றாள் ஸாதியா.

"ஒரு சதமும் கேட்கல்ல. நான் ரோட்டில நிக்கக் கூடாதாம். அவ்வளவுதான்."

"கால் முறிஞ்ச மனிசன் காசு கேட்கல்ல. மட்டக்களப்பில இதுதான் முதல் அதிசயம்."

உதயரூபன் சிரிக்கவில்லை. "கார் ரோட்டில போனதுக்கு வேற சாட்சி?"

செசீலியா கைபேசியை நீட்டினாள். கிரான்குளத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் சிசிடிவி. பொலிசில் காட்டியபோது அவள் தன் கைபேசியில் எடுத்துக்கொண்ட வீடியோ. காலியான வீதி. வெள்ளை கார் வலமிருந்து இடமாக மெல்ல நழுவிப் போகிறது. தெற்கு நோக்கி. இலக்கத் தகடு தெளிவு. உள்ளே யார் என்று தெரியவில்லை.

உதயரூபன் மீண்டும் ஓட்டினான். நிறுத்தினான். ஸாதியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பின் கதவுக் கண்ணாடியில வானம் தெரியுது," என்றாள். "தென்னமரம் கூடத் தெரியுது. முன் கதவில ஒண்டையும் காணல்ல. கறுப்பு. அந்தக் கண்ணாடிக்கு மட்டும் வானத்தோட கோபமா?"

"அங்க கண்ணாடியே இல்ல," என்றான் உதயரூபன். "இறக்கியிருக்கு."

செசீலியா எழுந்துவிட்டாள். "இறக்கக் கூடாதே! ஒட்டி மூண்டு நாளைக்கு ஒரு கண்ணாடியும் இறக்கக் கூடாது. பசை காயாது. இறக்கினா கதவுக்குள்ள உரசி பிலிம் சுருண்டிரும்."

"வாங்க, காரைப் பாப்பம்."

* * *

கார் பேக்கரி நிழலில் நின்றது. உதயரூபன் சாரதிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். விளிம்பு நேர்க்கோடு. கதவின் உட்புறத்தில் கண்ணாடி இறக்கும் நான்கு பொத்தான்களுக்கும் மேலாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று இன்னும் ஒட்டியபடி இருந்தது. 'இறக்க வேண்டாம்.' முத்தலிப்பின் கடை வழக்கம்.

பின் கண்ணாடிகள் இரண்டும் சுத்தம்.

இடது முன்கண்ணாடி சுத்தமில்லை. மேல் விளிம்பில் பிலிம் ஒரு விரல் அகலத்துக்குச் சுருண்டு மறுபடி ஒட்டியிருந்தது. சுருண்ட இடத்தில், பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஏதோ வெள்ளையாய்த் தீற்றியிருந்தது.

"ஒட்டினதில பிழை எண்டு நினைச்சன்," என்றாள் செசீலியா. "நானாட்ட காட்டவேணும் எண்டு இரிந்தன். அதுக்கிடையில பொலிஸ் வந்திட்டு."

உதயரூபன் இடது இருக்கையில் ஏறினான். கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டும். கதவில் பொத்தான் இல்லை. நடுவில் பார்த்தான். திரைக்குக் கீழே பார்த்தான். இல்லை.

"பத்து வருசம் கார் பாத்தவரு," என்றாள் ஸாதியா, கதவருகில் நின்று. "சேர், கண்ணாடிக்கிட்டயே கேட்டுப் பாருங்க. மரியாதையாக் கேட்டா இறங்கும்."

"கைப்பிடிக்கு அடியில தம்பி," என்றாள் செசீலியா. "உள்ளுக்கு விரலை விட்டு அமத்தவேணும். இந்தக் காரில அப்பிடி. ஒருத்தரும் முதல் தரத்தில கண்டுபிடிக்கமாட்டாங்க. என்ட ஆக்கள் ரெண்டு மூண்டு ஓட்டத்துக்குப் பிறகும் கேப்பாங்க."

விரல் உள்ளே போனது. கண்ணாடி இறங்கியது.

"காத்தான்குடிக்குப் போவம்," என்றான்.

"உங்கட காரிலயா, இதிலயா?" என்று கேட்டாள் செசீலியா.

ஸாதியா அவசரமாக, "இதிலயே," என்றாள்.

உதயரூபனின் காரில் முன் இடது இருக்கையில் யாரும் ஏறுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஸாதியா பின்னால்தான். காரணம் கேட்டதில்லை. ஊருக்கே தெரிந்த காரணம். அவனுடைய மனைவி இறந்து இரண்டு வருடம்.

கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவியின் வெளிச்சம் முழுவதும் காருக்குள் வந்தது. வெளிச்சம் மட்டும். சூடு வரவில்லை. ஸாதியா கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"டின்ட் எண்டா கறுப்பா இரிக்கவேணும் அக்கா. இது ஒட்டினதா ஒட்டாததா எண்டே தெரியல்ல."

"எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. பொம்பிளை தனிய ஓடுறாய், கறுப்பு ஒட்டு, ஆரும் பாக்கமாட்டான் எண்டு." செசீலியா முன்னால் போன லொறியைத் தாண்டினாள். "ஊசி குத்தி, நாலு மணித்தியாலம் மெசினில கிடந்து வாற மனிசர். உள்ளுக்கு வெக்கையா இரிந்தா மயங்கிருவாங்க. ஏசியக் கூட்டினா கரடியனாறு போய் வாறதுக்கிடையில பற்றரி இறங்கிரும். அப்ப சூட்டை மறிக்கிற பிலிம் வேணும். ஆனா இருட்டா இரிக்கக் கூடாது. பின்னால ஒருத்தர்ட முகம் வெளிறினா எனக்குத் தெரியவேணும்."

"அப்ப பாக்கிறவன்?" என்றாள் ஸாதியா.

"பாக்கட்டுமே. நான் என்ன களவா எடுத்த?"

* * *

காத்தான்குடி பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில் இருந்தது முத்தலிப்பின் கடை. சுவரில் பிலிம் மாதிரிகள் வரிசையாகத் தொங்கின. கீழே ஒரு பெட்டிக்குள் சூடான பல்ப். வாடிக்கையாளர் பிலிமுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்க்கலாம்.

முத்தலிப் ஐம்பதைத் தாண்டியவர். செசீலியாவைக் கண்டதும் முகம் மாறியது. ஸாதியாவைக் கண்டதும் கொஞ்சம் தெளிந்தது.

"என்ன மகள், நீயும் கார் வாங்கிட்டியா?"

"இல்ல நானா. சேர் தாற சம்பளத்துக்குக் கண்ணாடி மட்டும் வாங்கலாம்."

"உங்கட வேலையில ஒரு பிழை," என்றான் உதயரூபன். இடது முன்கதவைக் காட்டினான்.

முத்தலிப் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது கோபமாக இருந்தார்.

"இது என்ட வேலையில்ல. தங்கச்சி, நீங்க இறக்கியிரிக்கீங்க. பசை காயமுன்னம் இறக்கியிரிக்கீங்க. எத்தின தரம் சொன்னன்?"

"நான் இறக்கல்ல."

"மறுகா ஆரு?"

உதயரூபன் சுருண்ட விளிம்பைக் காட்டினான். "இதைக் கொஞ்சம் தூக்குங்க நானா."

முத்தலிப் சின்னத் தகடொன்றால் பிலிமின் நுனியை நெம்பினார். வெள்ளைத் தீற்றல் தெரிந்தது. உதயரூபன் சுண்டுவிரலால் அதன் ஓரத்தைத் தொட்டு மோந்து பார்த்தான்.

"சுண்ணாம்பா?" என்றார் முத்தலிப்.

"திருநீறு."

"என்ட கடையில திருநீறா? என்ட வேலையாள் ரெண்டு பேரும் எங்கட ஆக்கள் தம்பி."

ஸாதியா செசீலியாவைப் பார்த்தாள். செசீலியா தோளைக் குலுக்கினாள். "என்னைப் பாக்காதீங்க. எங்களுக்கு நெத்தியில சாம்பல் வருசத்தில ஒரு நாள்தான். இது அந்த மாசமில்ல."

"அப்ப இப்பிடி," என்றாள் ஸாதியா. "முஸ்லிம் ஒட்டின பிலிம். கிறிஸ்தவப் பொம்பிளைட கார். உள்ளுக்குத் திருநீறு. மட்டக்களப்பு முழுக்க ஒரு கண்ணாடிக்குள்ள வந்திட்டு."

"பசை ஈரமா இரிக்கக்குள்ள பட்டிருக்கு," என்றான் உதயரூபன். "அதாவது வெள்ளிக்கிழமை. நானா, ஜும்மா நேரத்தில கடையில ஆர் இருந்தது?"

"ஒருத்தருமில்ல. பூட்டு."

உதயரூபன் திரும்பிக்கொண்டான். சுவரில் தொங்கிய மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸாதியாதான் போய் ஷட்டரைத் தட்டினாள்.

"நானா, இந்த ஷட்டர் ஜும்மாவுக்குப் பாதிதான் இறங்கும். நான் பள்ளிக்கூடம் போற காலத்தில இரிந்து பாக்கிறன். முழுக்க இறக்கினா திரும்பத் தூக்க மூணு பேர் வேணும்."

முத்தலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பல்பை அணைத்தார்.

"ஒரு தம்பி இரிந்தாரு," என்றார். "வேனில பழைய பிலிம் உரிக்க வந்தவரு. தமிழ்த் தம்பி. எங்கட ஊர் வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்பிடி எண்டு உனக்குத் தெரியும்தானே மகள், ரோட்டில ஒரு குருவி இரிக்காது. எல்லாரும் பள்ளிவாசலில. நீங்க இரிங்க தம்பி, கடையப் பாத்துக்கங்க, தொழுதிட்டு வாறன் எண்டன். தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தன். எத்தினையோ பேரை அப்பிடி இரித்திட்டுப் போயிரிக்கன். ஒரு திருகாணி குறைஞ்சதில்ல."

"சாவி?"

அவர் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார்.

"அந்தத் தம்பிட பேர்?"

"நிலோஜன்."

செசீலியா ஆணியைப் பார்த்தாள். பிறகு, "வேன்காரன்," என்றாள். "கரடியனாத்து ஓட்டம் அவன்டதுதான். நான் வரமுன்னம்."

"பொலிசுக்கு ஏன் சொல்லல்ல நானா?" என்றாள் ஸாதியா.

"எப்பிடிச் சொல்ற? ஆக்கள்ட காரை இன்னொரு ஆளை நம்பி விட்டுட்டுப் போனன் எண்டு சொன்னா, மறுகா ஆரு எனக்கிட்ட கார் விடுவான்? பூட்டு எண்டு சொல்லிட்டன். சொன்ன பிறகு மாத்த ஏலாது."

செசீலியா அவர் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை.

"நானா, நீங்க எனக்குக் கறுப்பு ஒட்டச் சொன்னீங்க. ஆரும் பாக்காம இரிக்கலாம் எண்டீங்க. நான் மாட்டன் எண்டன். இப்ப நீங்க கறுப்பு ஒட்டிக்கொண்டு இரிக்கீங்க. எனக்காக உரிக்க வேணாம். உங்களுக்காக உரிங்க."

முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டார். தகட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

* * *

ஆரையம்பதி தாண்டியதும் ஸாதியா பின்னாலிருந்து முன்னுக்குச் சாய்ந்தாள்.

"விளங்கிட்டு. நிலோஜன் சாவிய எடுத்தான். காரை எடுத்தான். தங்கராசாவைத் தட்டினான். திரும்பக் கொண்டுவந்து விட்டான். முடிஞ்சுது."

"முடியல்ல," என்றான் உதயரூபன். "நானா வாயைத் திறந்தாலும், நான் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போயிட்டன் எண்டு நிலோஜன் சொல்லுவான். திருநீறு பேசாது. கண்ணாடி இறங்கின இடத்தைப் பாப்பம்."

கிரான்குளத்தில் வீதியின் இடது பக்கம் ஓர் அரசமரம். அதன் கீழ் சின்னதாய் ஒரு பிள்ளையார். வீதியை ஒட்டி, கார் கண்ணாடி உயரத்துக்கு ஒரு தூணில் உண்டியல். உண்டியலின் தோளில் திருநீற்றுத் தட்டு. வாகனங்கள் நிற்பதில்லை. மெல்ல உருளும், கை ஒன்று நீளும், காசு விழும், நெற்றியில் பூச்சு, போகும். அடுத்த கட்டடம் ஹார்ட்வெயார் கடை. அதன் கமெரா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செசீலியா காரை நிறுத்தினாள்.

ஸாதியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "யா அல்லாஹ். களவாக் கொண்டுபோற காரில, களவு செய்யப் போற வழியில, சாமிக்குக் காசு போட்டிருக்கான்."

"அவன் போடல்ல," என்றான் உதயரூபன். அவன் இடது இருக்கையில் இருந்தபடி உண்டியலைப் பார்த்தான். கை நீட்டினால் எட்டும் தூரம். பிறகு செசீலியாவைப் பார்த்தான். "அக்கா, நீங்க அங்க இருந்து போடுங்க."

செசீலியா சாய்ந்து கையை நீட்டினாள். அவன் மடிக்கு மேல் வந்து நின்றது கை.

"எட்டாது. காசு போடுறது ஓட்டுறவர் இல்ல. பக்கத்தில இருக்கிறவர்." கொஞ்சம் நிறுத்தினான். "எங்கட காரில நான் ஒரு நாளும் போட்டதில்ல. இப்ப இந்த வழியால போனா, போடாமத்தான் போறன்."

செசீலியா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். ஸாதியா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பேர்," என்றான் அவன், அதே குரலில். "ஸ்டிக்கர் சாரதிப் பக்கம் மட்டும்தான் இருக்கு. நிலோஜன் அதைக் கண்டிருப்பான், தொடல்ல. பக்கத்தில இருந்தவருக்கு ஸ்டிக்கர் தெரியாது. கை தன்ட பழக்கத்துக்குப் போயிருக்கு."

"அந்தக் கை ஆருட கை?"

"தங்கராசாவைப் பாப்பம். அக்கா, நீங்க அவரிட்ட, விக்கச் சம்மதம், பொலிசுக்குப் போய்ச் சொல்லுவம் வாங்க எண்டு சொல்லுங்க."

"சொல்லமாட்டன்."

"பொய்யாத்தான்."

"பொய்யாவும் சொல்லமாட்டன். என்ட வாயால அந்தச் சொல் வராது."

"அக்கா," என்றாள் ஸாதியா, "துப்பறியிறதில கொஞ்சம் பொய் இரிக்கும். அது உப்பு மாதிரி."

"அப்ப உப்பில்லாமச் சமைங்க."

உதயரூபன் அவளைப் பார்த்தான். அன்று முதல் தடவையாக அவன் வாயோரம் அசைந்தது. "சரி. உண்மையைச் சொல்லிக் கூப்பிடுவம்."

* * *

தாழங்குடாவில் தங்கராசாவின் வீடு. அவர் முற்றத்தில் நாற்காலியில் இருந்தார். இடது காலில் முழங்கால்வரை கட்டு. நெற்றியில் மூன்று பட்டை. காரைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணன்," என்றாள் செசீலியா, "நாளைக்கு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. வாங்க, இப்பவே களுவாஞ்சிக்குடிக்குப் போவம். பொலிசில உள்ளதைச் சொல்லி முடிப்பம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுக்கு விளங்கவேண்டியது விளங்கிவிட்டதென்று நினைத்தார்.

"இப்பதான் புத்தி வந்திருக்கு. பொம்பிளையளுக்கு எதுக்கு ஓட்டம்? இவங்க ஆரு?"

"எனக்காகக் கதைக்க வந்தவங்க."

"இந்தக் காரில வர உங்களுக்குப் பிரச்சினை இல்லயே அண்ணன்?" என்றான் உதயரூபன் மரியாதையாக. "முன்ன ஏறியிருக்கீங்களா?"

"இதிலயா? என்னை இடிச்சுப்போட்டுப் போன சனியன். கிட்டப் போகவே கால் கூசுது. பொலிசில நிக்கக்குள்ள தூரத்தில இரிந்து பாத்ததுதான்."

"முன்னுக்கு இரிங்க. கால் நீட்ட இடமிருக்கு."

அவர் ஏறினார். ஸாதியாவும் உதயரூபனும் பின்னால். ஸாதியா கைபேசியை உயர்த்திப் பிடித்தாள்.

"என்ன புள்ள, படம் எடுக்கிற?" என்றார் தங்கராசா.

"ஓம் மாமா. சமாதானமாப் போறம்தானே. நினைவுக்கு."

அவருக்கு அது பிடித்திருந்தது. சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

கார் சத்தமில்லாமல் தெற்கே போனது.

"அண்டைக்கு நடந்ததை ஒருக்காச் சொல்லுங்க அண்ணன்," என்றான் உதயரூபன். "பொலிசில மாறிக் கதைக்கக் கூடாது."

"நான் ஏன் மாறிக் கதைக்கிற? ஓரமாப் போய்க்கொண்டிருந்தன். தட்டினா. விழுந்தன். முன்னுக்குப் போய் நிப்பாட்டினா. தன்ட பக்கத்துக் கண்ணாடிய இறக்கினா. தலைய வெளிய போட்டுத் திரும்பி என்னைப் பாத்தா. சிரிச்சா."

செசீலியாவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. "சிரிச்சனா?"

"சிரிச்சாய். எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இந்தக் கருமத்த வித்துத் துலைச்சிட்டுக் கோழி வளர். எங்கட ஊர்ப் பொம்பிளையள் எத்தின பேர் கோழி வளர்த்து நல்லா இரிக்கிறாளுகள். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி..."

அரசமரம் தெரிந்தது. எல்லா வாகனங்களும் அங்கே மெதுவாகும். செசீலியாவும் மெதுவாக்கினாள்.

தங்கராசா கோழியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வலது கை சட்டைப் பைக்குப் போனது. இடது கை கைப்பிடிக்கு அடியில் நுழைந்தது. கண்ணாடி இறங்கியது. சில்லறை கை மாறியது. காசு உண்டியலின் வாயில் நேராக விழுந்தது. விரல்கள் தட்டைத் தொட்டுத் திரும்பின. நெற்றியில் ஒரு இழுப்பு. மறுபடி கைப்பிடிக்கு அடியில் விரல். ஏறி வந்த கண்ணாடியின் மேல் விளிம்பில் பெருவிரல் ஒரு கணம் தங்கியது.

"...முட்டை மட்டும் வித்தே மகளைக் கட்டிக்குடுத்தாள்," என்று முடித்தார்.

ஸாதியாவின் கைபேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. 

"அண்ணன்," என்றான் உதயரூபன். "கண்ணாடி இறக்கிற ஸ்விட்ச் எங்க இருக்கு?"

"இந்தா, இதுக்கு அடி..."

அவர் நிறுத்தினார்.

"நான் இண்டைக்கு முழுக்க இதில திரியிறன் மாமா," என்றாள் ஸாதியா. "சொல்லித் தந்த பிறகும் தேடுறன். நீங்க பாக்காமலே அமத்துறீங்க. தூரத்தில இரிந்து பாத்தே பழகிட்டீங்களா?"

"எல்லாக் காரிலயும் அங்கதான்."

"இல்ல," என்றான் உதயரூபன். "பத்து வருசம் கார் பாத்தவன் நான். காலமை எனக்குத் தெரியல்ல. உங்களுக்குப் பக்கத்தில கண்ணாடிட மேல்விளிம்பைப் பாருங்க. சுருண்ட இடம். உள்ளுக்கு வெள்ளை. வெள்ளிக்கிழமை பசை ஈரமா இருந்தது. இப்ப உங்கட பெருவிரலைப் பாருங்க."

தங்கராசா பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் பார்த்தார். பழைய திருநீற்றுக்கு ஒட்டினாற்போல் புதிய திருநீறு. பெருவிரல் நுனியில் மிச்சம்.

"அவட பக்கத்துக் கண்ணாடி இறங்கவே இல்ல," என்றான் உதயரூபன். "இறங்கியிருந்தா அதுவும் இப்பிடிச் சுருண்டிருக்கும். ஸ்டிக்கர்கூடக் கிழியாம இருக்கு. தலை வெளிய வரல்ல அண்ணன். சிரிக்கவும் இல்ல. அண்டைக்கு நீங்க விழப் போனது சைக்கிள்ல இல்ல. இந்த இருக்கையில."

கொஞ்ச தூரம் போனது.

"பாக்காமலே உண்டியலுக்குக் காசு போடுற கை, பஸ்ஸில தொங்கிக்கொண்டு போன கை. எந்த பஸ்ஸில கொண்டக்டரா இருந்தீங்க?" என்று கேட்டான்.

தங்கராசாவின் குரல் இறங்கியிருந்தது. "கல்முனை பஸ்ஸில. தலை நரைக்கிற மட்டும். இந்த இடத்தில காசு போடாம ஒரு நாளும் போனதில்ல. கை தானாப் போகும்." தடியை இறுகப் பிடித்தார். "நிலோஜன் என்ட மருமகன்ட கூட்டாளி. சைக்கிளை முதலே கொண்டுபோய்ச் செட்டிபாளையத்தில வைச்சிட்டான். ஒருத்தருக்கும் அடி படாது மாமா, அவ பயந்து ஓட்டத்தை விடுவா, அவ்வளவுதான் எண்டான். ஒருத்தருக்கும் அடி படல்லத்தானே?"

"எனக்குப் பட்டிச்சு," என்றாள் செசீலியா. வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூண்டு நாளா என்ட ஆக்கள் வெயிலில நிக்கிறாங்க. அவங்களுக்கும் பட்டிச்சு."

"புள்ள, என்னைத் திருப்பி வீட்ட விடு. முறைப்பாட்ட வாபஸ் வாங்கிறன். ஆருக்கும் தெரியத் தேவையில்ல."

"பொலிசில உள்ளதைச் சொல்லி முடிப்பம் எண்டு கூப்பிட்டன். நீங்களும் ஓம் எண்டுதானே ஏறினீங்க?"

களுவாஞ்சிக்குடி நிலையத்தின் முன்னால் கார் நின்றது. தங்கராசா கட்டுப்போட்ட காலை ஊன்றி இறங்கினார். தடி காருக்குள்ளேயே கிடந்தது. ஸாதியா அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"மாமா, இதை மறந்திட்டீங்க. உள்ள போற மட்டுமாவது நொண்டுங்க."

உள்ளே சுவரோர மர வாங்கில் ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி. கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட். அவர்களைக் கண்டதும் முத்தலிப் எழுந்து நின்றார்.

"கடை பூட்டில்ல எண்டு சொல்ல வந்தன்," என்றார்.

* * *

அடுத்த நாள் காலை செசீலியா முத்தலிப்பின் கடைக்குப் போகவில்லை. இடது கண்ணாடியை இலவசமாக மாற்றித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கறுப்பு எண்டாலும் ஒட்டித் தாறன், விலையைப் பாக்க வேணாம் தங்கச்சி என்றார். வழக்கு முடியும்வரை திருநீறு அங்கேயே இருக்கட்டும், முடிந்த பிறகு அதே வெளிச்சம்தான் வேணும் என்றாள்.

கரடியனாற்றிலிருந்து கண்ணகை என்ற வயதான பெண்ணும் இன்னும் இருவரும் பின்னால் இருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மர நிழலில் நிலோஜனின் வேன் நின்றது. காலையில் வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லிப் பொலிஸ் அழைத்திருந்தது. அவன் இன்னும் போகவில்லை. வேனில் சாய்ந்து நின்று, கைபேசியில் யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய கண்ணாடிகளில் பழைய பிலிம் பாதி உரிந்தபடி தொங்கியது.

உதயரூபனும் ஸாதியாவும் வாசலுக்கு எதிரே நின்றார்கள்.

செசீலியா நோயாளர்களை இறக்கினாள். திரும்ப ஏறினாள். காரை எடுத்தாள். வேனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நிறுத்தினாள்.

சிவப்பு ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள். உரித்தாள். பொத்தானை அமத்தினாள். அவள் பக்கத்துக் கண்ணாடி, ஒட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, இறங்கியது.

தலையை வெளியே போட்டாள். திரும்பி அவனைப் பார்த்தாள். நிலோஜன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தான்.

"சேர்," என்றாள் ஸாதியா மெதுவாக. "முறைப்பாட்டில இரிந்தது இப்பதான் நடக்குது."

"முழுசா நடக்கல்ல," என்றான் உதயரூபன். "பாரு."

செசீலியா சிரித்தாள். பிறகு சத்தமில்லாமல் போய்விட்டாள்.